சிம்ஸ் 4: மாட்ஸ் ஃபோல்டரில் குவிந்த இரட்டை ஃபைல்களைக் களைவது எப்படி

சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டை ஆடத் தொடங்கி, சிசி (ஆட்டக்காரர்களே செய்த கூடுதல் பொருள்கள்) சேர்க்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டால், கொஞ்ச நாளிலேயே கேம் திறக்க அதிக நேரம் எடுக்கும். அவற்றைப் போட்டுவைக்கும் மாட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஒரே பெயரிலும், ஏறக்குறைய ஒரே பெயரிலும் ஃபைல்கள் வரிசைகட்டி நிற்கும். 2022 அக்டோபரில் அடிப்படை கேம் இலவசமான பிறகு புதிதாக வந்தவர்கள் நிறைய பேர். காசு கொடுத்து பேக் (நிறுவனம் விற்கும் கூடுதல் தொகுப்பு) வாங்குவதற்குப் பதில் சேலை, ஜிமிக்கி, பூ வைத்த பின்னல், மர ஊஞ்சல் என்று மற்ற ஆட்டக்காரர்கள் செய்துவைத்த பொருள்களை இறக்கிக்கொள்வதுதான் வழக்கம். அவற்றைத்தான் கஸ்டம் கன்டென்ட், சுருக்கமாக சிசி என்கிறோம். இறக்குவது எளிது. எதை ஏற்கெனவே இறக்கினோம் என்று நினைவில் வைப்பதுதான் முடியாத காரியம்.

இரட்டை ஃபைலைப் பார்த்ததும் அழிக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெயரில் "(1)" இருப்பதாலேயே ஒரு ஃபைல் நகல் ஆகிவிடாது. பெயர் வேறாக இருப்பதாலேயே அது வேறு பொருளும் ஆகிவிடாது. பெயரை மட்டும் நம்பி அழித்தவர்களின் சிம்கள்தான் (ஆட்டத்தின் மனிதர்கள்) மறுநாள் மொட்டைத் தலையோடு நிற்பார்கள்.

கேம் ஒரு பொருளை எப்படி அடையாளம் காண்கிறது?

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். நீங்கள் இறக்கும் .பேக்கேஜ் ஃபைல் ஒரு பெட்டி மாதிரி. உள்ளே வடிவம் (மெஷ்), அதன் மேல் போர்த்தும் படம் (டெக்ஸ்சர்), பட்டியலில் காட்டும் விவரம் என்று பல துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் டைப், குரூப், இன்ஸ்டன்ஸ் என்று மூன்று எண்கள் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் அடையாளம். பெட்டிக்கு வெளியே நீங்கள் எழுதும் ஃபைல் பெயரைக் கேம் சட்டையே செய்யாது.

ஆகவே ஒரே அடையாளத்தோடு இரண்டு துண்டுகள் இரண்டு ஃபைல்களில் இருந்தால், கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எது ஜெயிக்கும் என்பது நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இதை வைத்து இரட்டை ஃபைல்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அச்சு அசல் நகல். ஒரே ஃபைலை இரண்டு முறை இறக்கியிருப்பீர்கள். பிரவுசர் இரண்டாவதற்கு "(1)" ஒட்டியிருக்கும். அல்லது யாரோ பகிர்ந்த குடும்பத்தோடு அவர்கள் சிசி ஃபோல்டரும் சேர்ந்து வந்திருக்கும். அதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். படைப்பாளி தன் ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே தந்த ஃபைலை வைத்திருந்து, எல்லோருக்கும் வெளியிட்டபோது மறுபடி எடுத்தவர்களும் உண்டு. இந்த வகை இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். அடையாளம் ஒன்றே என்பதால் கேமுக்குள் அந்தப் பொருள் இரண்டு தடவை தெரியாது.

இரண்டாவது வகை, பழசும் புதுசும். ஒரே பொருளின் பழைய பதிப்பும் திருத்திய பதிப்பும் ஒன்றாகக் கிடக்கும். அடையாளம் ஒன்று, உள்ளடக்கம் வேறு. உண்மையில் தொல்லை தருவது இதுதான். ஆனால் புதியவர்கள் கவலைப்படுவதெல்லாம் முதல் வகையைப் பற்றியே.

மூன்றாவது, பார்க்க ஒன்றுபோல இருந்து அடையாளம் வேறானவை. ஒரே சேலையை இரண்டு பேர் தனித்தனியாக நிறம் மாற்றி வெளியிட்டிருப்பார்கள். இவைதான் சிம் உருவாக்கும் திரையில் இரண்டு தடவை வரும். கேமுக்கு இதில் ஒரு கெடுதலும் இல்லை. பட்டியல் நீளும், நமக்குத்தான் எரிச்சல். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கைவைக்கும் முன்

கேமை மூடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதற்குள் தி சிம்ஸ் 4. விண்டோஸிலும் மேக்கிலும் இதே பாதைதான். இங்கே மாட்ஸ், ட்ரே, சேவ்ஸ் என்று மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். மூன்றையும் அப்படியே வேறு டிரைவிலோ பென்டிரைவிலோ காப்பி எடுத்து வையுங்கள். மாட்ஸ் மட்டும் போதாதா என்றால், போதாது. சேவ்ஸில் உங்கள் ஆட்டம் இருக்கிறது, ட்ரேயில் நீங்கள் கேமின் நூலகத்தில் சேமித்த குடும்பங்களும் வீடுகளும் இருக்கின்றன.

அடுத்து, ஃபைல் பெயரின் வால் தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ஃபோல்டர் ஜன்னலின் மேலே வியூ, பிறகு ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். இது இல்லாமல் .பேக்கேஜ் எது, .டிஎஸ்4ஸ்கிரிப்ட் எது, .ஜிப் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாவதாக டெஸ்க்டாப்பில் "ஒதுக்கியவை" என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். இன்று எதையும் அழிக்கப்போவதில்லை, ஒதுக்கத்தான் போகிறோம். இந்த ஃபோல்டரை மாட்ஸுக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள். உள்ளே "பழசு", "வேண்டாதது" என்று எந்தப் பெயர் வைத்தாலும் கேம் .பேக்கேஜ் ஃபைல்களைத் தேடி ஐந்து அடுக்கு ஃபோல்டர் வரை உள்ளே போகும். ஒதுக்கியதாக நினைத்த பொருள் ஆட்டத்தில் வந்து நின்றால் இதுதான் காரணம்.

மாட்ஸ் ஃபோல்டரில் ரிசோர்ஸ்.சிஎஃப்ஜி என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். எத்தனை அடுக்கு வரை படிக்க வேண்டும் என்று கேமுக்குச் சொல்வது அதுதான். அதைத் தொடாதீர்கள்.

அச்சு அசல் நகல்களை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்

மென்பொருள் எதுவும் இல்லாமல் ஒரு நோட்டம் விட வேண்டுமென்றால், மாட்ஸ் ஃபோல்டரின் தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பேக்கேஜ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். உள் ஃபோல்டர்களில் இருப்பவை எல்லாம் ஒரே பட்டியலாக வரும். அதை அளவு வாரியாக அடுக்குங்கள். ஒரே அளவுள்ள ஃபைல்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். 14,302 கேபி, 14,302 கேபி என்று இரண்டு வரிசையாக இருந்து, பெயரும் ஒத்துப்போனால் பெரும்பாலும் நகல்தான். சில நூறு ஃபைல் வைத்திருப்பவருக்கு இதுவே போதும்.

ஆயிரக்கணக்கில் வைத்திருந்தால் டூப்குரு என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிம்ஸுக்கென்று செய்ததல்ல, பொதுவாக நகல் ஃபைல் தேடுவது; ஆனால் இந்த வேலைக்கு அது கச்சிதம்.

திறந்ததும் ஸ்டாண்டர்ட் முறையைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் வகையில் கன்டென்ட்ஸ் என்பதை வையுங்கள். ஃபைல் நேம் வேண்டாம். பெயரை வைத்து ஒப்பிட்டால், மேலே சொன்ன பழசும் புதுசும் நகல் என்று காட்டப்பட்டு, நீங்கள் புதுசை ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. கன்டென்ட்ஸ் என்றால் உள்ளே இருப்பது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே காட்டும்.

விருப்பங்களில், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சின்ன ஃபைல்களைத் தவிர்க்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். ஆட்டத்தின் விதியை மாற்றும் மாட்கள் பல சில கேபி அளவுதான் இருக்கும். அவை கண்ணில் படாமல் போய்விடும்.

பிறகு மாட்ஸ் ஃபோல்டரை மட்டும் சேருங்கள். தி சிம்ஸ் 4 ஃபோல்டரை மொத்தமாகச் சேர்க்கவே கூடாது. சேவ்ஸில் கேம் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதிகள் இருக்கும். அவற்றையும் நகல் என்று பிடித்துக் காட்டினால் குழப்பம்தான்.

டூப்குருவில் ரெஃபரன்ஸ் என்று ஒரு வசதி உண்டு. நன்றாக அடுக்கிவைத்த ஃபோல்டரை ரெஃபரன்ஸ் என்று குறித்துவிட்டால் அதிலுள்ள எதையும் அது தொட விடாது. மற்ற இடங்களில் கிடக்கும் நகல்களை மட்டுமே குறிக்க முடியும். "முடி", "உடை" என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள், கூடவே "கலவை" என்று ஒரு குப்பைத் தொட்டியும் இருக்கிறது என்றால், முதல் இரண்டையும் ரெஃபரன்ஸ் ஆக்குங்கள்.

ஸ்கேன் முடிந்து பட்டியல் வந்ததும் நகல்களை மார்க் செய்து, வேறு இடத்துக்கு நகர்த்தும் கட்டளையைக் கொடுத்து "ஒதுக்கியவை" ஃபோல்டரைக் காட்டுங்கள். ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்ப வேண்டாம். முன்பிருந்த ஃபோல்டர் அமைப்போடு நகர்த்தும் தேர்வை விருப்பங்களில் முன்பே வைத்துவிடுங்கள். எதையாவது திரும்பக் கொண்டுவர நேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

பழசும் புதுசும்: இதைக் கையால்தான் செய்ய வேண்டும்

ஒரு எடுத்துக்காட்டு. ஒரு படைப்பாளி பின்னல் முடி ஒன்றை 18 நிறங்களில் வெளியிட்டார். பிறகு தோள்பட்டையில் முடி உள்ளே புகும் குறையைச் சரிசெய்து, 24 நிறங்களோடு மறுபடி வெளியிட்டார். ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு "வி2". பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று அவர் எழுதியிருப்பார். நாம் படித்திருக்க மாட்டோம். இப்போது இரண்டும் மாட்ஸில் இருக்கின்றன.

சிசியில் ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு. பழைய 18-க்கும் புதிய ஃபைலில் அதே அடையாளம்தான் இருக்கும். ஒரே கார்டு எண்ணைக் காட்டி ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் நின்றால் ஒருவருக்குத்தானே அரிசி. புதிதாக வந்த 6 நிறங்களுக்குப் போட்டி இல்லை, அவை வந்துவிடும். மற்ற 18-இல் பழசு ஜெயித்தால் தோள்பட்டைக் குறை அப்படியே இருக்கும். "அப்டேட் செய்தும் சரியாகவில்லையே" என்று படைப்பாளியிடம் புலம்புவோம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பட்டியலைப் பெயர் வாரியாக அடுக்குவது. பெரும்பாலான படைப்பாளிகள் தங்கள் பெயரையோ சுருக்கத்தையோ ஃபைல் பெயரின் முதலில் வைப்பார்கள். ஒருவருடைய ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து நிற்கும்போது வி1, வி2, அப்டேட், ஃபிக்ஸ் போன்ற வால்கள் கண்ணில் படும். மாற்றிய தேதியையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜிப்பிலிருந்து பிரித்த நாளா, படைப்பாளி செய்த நாளா என்பது நீங்கள் பிரித்த மென்பொருளைப் பொறுத்து மாறும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் சிம்ஸ் 4 ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறங்கள். சிசி செய்வதற்கென்றே உள்ளது, மேக்கிலும் கிடைக்கும். அதில் வேர்ஹவுஸ் என்ற தாவலில் துண்டுகள் அட்டவணையாக வரும். காஸ் பார்ட் (சிம் உருவாக்கும் திரையில் வரும் முடி, உடை போன்றவை) என்ற வரிசைகளைத் தேடி, இன்ஸ்டன்ஸ் எண்ணைப் பாருங்கள். எண்களும் ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்த 16 இலக்கம் அது. இரண்டு ஃபைலிலும் அதே எண்கள் வந்தால் ஒரே பொருளின் இரண்டு பதிப்புகள், பழையதை ஒதுக்குங்கள். எண்கள் வேறானால் அவை தனித்தனிப் பொருள்கள், இரண்டும் இருக்கலாம்.

ஸ்கிரிப்ட் மாட்களில் இந்தக் கலப்பு இன்னும் மோசம். .டிஎஸ்4ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் இருப்பது பைத்தான் நிரல். முடியோ சோபாவோ பழசாக இருந்தால் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். நிரல் இரண்டு பதிப்பாக இருந்தால் ஆட்டமே உடையும்: சிம்கள் வேலை செய்யாமல் நிற்பார்கள், தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் லாஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பெயரில் பிழைக் குறிப்புகள் குவியும். பலரும் வைத்திருக்கும் எம்சி கமாண்ட் சென்டர் என்ற ஸ்கிரிப்ட் மாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே ஃபைல் அல்ல, பல தொகுதிகள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். புதுசு வந்தால் பழைய ஃபைல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வையுங்கள். எம்சி செட்டிங்ஸ் என்ற ஃபைலை மட்டும் விட்டுவையுங்கள், உங்கள் அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. இன்னொன்று, ஸ்கிரிப்ட் ஃபைல் மாட்ஸுக்குள் ஒரு அடுக்குக்குக் கீழே போனால் கேம் அதைப் படிக்காது. ஆழமான ஃபோல்டரில் கிடக்கும் ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லையே என்று மேலே இன்னொரு பிரதி போடுவதும் இரட்டைகள் பெருக ஒரு காரணம்.

மெஷ் விஷயத்தில் நிதானம்

நிறம் மாற்றிய சிசி பலவற்றில் வடிவம் இருக்காது. "மெஷ் தனியாக இறக்கிக்கொள்ளவும்" என்று எழுதியிருப்பார்கள். அதே மெஷ்ஷை மூன்று நிறமாற்றங்களுக்காக மூன்று முறை இறக்கி மூன்று ஃபோல்டரில் போட்டிருப்போம். ஒன்று போதும், மற்ற இரண்டையும் ஒதுக்கலாம். மூன்றையும் ஒதுக்கினால்தான் வம்பு: உடைக்குக் கீழே உடம்பே காணாமல் போகும், நாற்காலி தெரியாது. பெயரில் மெஷ் என்று இருக்கும் எதையும் டூப்குரு நகல் என்று உறுதிசெய்யாமல் நகர்த்த வேண்டாம்.

இணைத்த ஃபைல்கள் வேறு கதை. சிலர் ஒரு தொகுப்பின் முப்பது ஃபைல்களை ஒன்றாக இணைத்துத் தருவார்கள். தனித்தனி முப்பதும் உங்களிடம் இருந்து, இணைத்ததும் இருந்தால் உள்ளடக்கம் அவ்வளவும் இரட்டை. ஆனால் ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிடும் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. பெயரில் மெர்ஜ்ட் என்று இருப்பவற்றைத் தேடி, அதே படைப்பாளியின் தனி ஃபைல்கள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதை வைத்துக்கொள்வது என்றால், தனித்தனியை என்பேன். இணைத்தது கொஞ்சம் வேகமாகத் திறக்கலாம், ஆனால் அதில் ஒரே ஒரு தோடு பழுதானால் அதை மட்டும் எடுக்க வழியில்லாமல் மொத்தத்தையும் பிரித்துப்போட வேண்டும்.

ஒதுக்கிய பிறகு

தி சிம்ஸ் 4 ஃபோல்டரில் லோக்கல்தம்ப்கேஷ் என்ற ஃபைலை அழியுங்கள். இதை அழிப்பதில் ஆபத்தில்லை, கேம் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அழிக்காவிட்டால் இல்லாத பொருளின் பழைய சிறுபடம் தெரிந்து குழப்பும்.

கேமைத் திறந்து, சிசி அதிகம் போட்ட ஒரு குடும்பத்துக்குள் போய்ப் பாருங்கள். எல்லாம் காணோம் என்றால் பதற வேண்டாம், முதலில் அமைப்புகளுக்குப் போய் மாட்கள் இயங்க அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு கேம் அதைத் தானாக அணைத்துவிடும். அதே இடத்தில், தொடங்கும்போது சிசி பட்டியலைக் காட்டும் தேர்வும் உண்டு. சுத்தம் செய்யும் நாள்களில் அதை வைத்திருந்தால் எது ஏறியது என்று தெரியும்.

ஒன்றிரண்டு மட்டும் காணவில்லை என்றால் சேவ் செய்யாமல் வெளியேறுங்கள். இது முக்கியம். சிசி இல்லாமல் வீட்டைத் திறந்து சேவ் செய்துவிட்டால், காணாமல் போன நாற்காலிகளை ஆட்டம் மறந்துவிடும். பிறகு ஃபைலைத் திரும்ப வைத்தாலும் நீங்களே வாங்கி அடுக்க வேண்டியதுதான். ஒரு குறிப்பிட்ட குடும்பம் எந்தெந்த சிசியைப் பயன்படுத்துகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால், அதை நூலகத்தில் சேமித்துவிட்டு ட்ரே இம்போர்டர் என்ற மென்பொருளில் திறந்தால் ஃபைல் பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டும்.

ஓரிரு வாரம் விளையாடி எந்தக் குறையும் தெரியாவிட்டால் "ஒதுக்கியவை" ஃபோல்டரை அழித்துவிடலாம்.

மறுபடி சேராமல் இருக்க

ஜிப் ஃபைல்களை மாட்ஸுக்குள் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பேக்கேஜ்களைக் கேம் படிக்காது, வெறும் பாரம்தான். வேண்டுமானால் வேறு இடத்தில் சேர்த்துவையுங்கள்.

புதிதாக இறக்குவதை நேராக அடுக்கில் சேர்க்காமல் "புதுசு" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, ஆடிப் பார்த்து, பிறகு படைப்பாளி பெயரிட்ட ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பொருள் வாரியாக அடுக்குவதைவிடப் படைப்பாளி வாரியாக அடுக்குவது எனக்குப் பிடிக்கும். முடி ஃபோல்டரில் நானூறு ஃபைல்களுக்கு நடுவே வி1-ஐத் தேடுவதைவிட ஒருவருடைய பதினைந்து ஃபைல்களில் தேடுவது லேசு.

விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவோடு (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டில் இரண்டு கணினியில் ஒரே கணக்கு இருந்தால், இரண்டிலும் மாறிய ஃபைலுக்கு ஒன்டிரைவ் கணினியின் பெயரைச் சேர்த்து இன்னொரு பிரதி போட்டுவிடும். நீங்கள் எதையும் இறக்காமலே நகல்கள் முளைக்கின்றன என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஃபோல்டர் இருக்கும் டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் பேக்கப்பிலிருந்து விடுவித்துவிடுவது நல்லது. விடுவிக்கும் முன் ஒரு காப்பி எடுத்துவிட்டு.

மாட்களை இறக்கித்தரும் கர்ஸ்ஃபோர்ஜ் செயலியில் சிசி எடுப்பவர்கள், அது தானாகவே மாட்ஸ் ஃபோல்டருக்குள் ஃபைலைப் போடும் என்பதை நினைவில் வையுங்கள். அதே மாட் ஃபைலை வேறு தளத்திலிருந்து கையாலும் இறக்கியிருந்தால், செயலி தன் பிரதியை மட்டும்தான் புதுப்பிக்கும். உங்கள் பிரதி பழசாகவே பக்கத்தில் கிடக்கும். ஒரு மாட் ஃபைலுக்கு ஒரு வழி: செயலி என்றால் செயலி, கை என்றால் கை.